வாடகை வீடு, சொந்தப் பொருள்

வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். சுவர் வீட்டுக்காரருடையது. கூரையும் அவருடையது. ஆனால் உள்ளே இருக்கும் கட்டில் நம்முடையது. பீரோ, பாத்திரம், துணிமணி எல்லாம் நம்முடையவை. கடன் வாங்கி, தவணை கட்டிச் சேர்த்த பொருள்கள் அவை.

ஒரு நாள் தீப்பிடிக்கிறது. அல்லது வெள்ளம் புகுகிறது. அப்போது அந்தப் பொருளுக்கு யார் பொறுப்பு?

வீட்டுக்காரர் காப்பீடு செய்திருக்கலாம். ஆனால் அது கட்டிடத்துக்குச் செய்த காப்பீடு. கட்டிடம் சேதமானால் பணம் அவருக்கு வரும். நம் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அதில் ஒரு பைசாகூட வராது. நம் பொருளுக்கு நாம்தான் காப்பீடு செய்ய வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் இதைச் செய்யலாம். அதற்குச் சொந்த வீடு தேவையில்லை.

எந்தக் காப்பீட்டை எடுப்பது? எவ்வளவுக்கு எடுப்பது? கொல்கத்தா நகரத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்போம்.

காப்பீடு என்றால் என்ன?

காப்பீட்டை இன்சூரன்ஸ் என்றும் சொல்கிறோம். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் பொதுவில் சேருகிறது. ஆயிரம் பேரில் சிலருக்குத்தான் நட்டம் வரும். அவர்களுக்கு அந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். நாம் கட்டும் பணத்தின் பெயர் பிரீமியம். ஒப்பந்தத் தாளின் பெயர் பாலிசி.

இது சீட்டுக் கட்டுவது போல அல்ல. சீட்டில் போட்ட பணம் ஒரு நாள் திரும்பி வரும். இதில் நட்டம் வந்தால்தான் பணம் வரும். நட்டம் வராவிட்டால் கட்டிய பணம் திரும்பாது. ஆபத்து வராத ஆண்டு நல்ல ஆண்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொல்கத்தாவுக்குக் காப்பீடு புதிதல்ல. 1850-இல் டிரைடன் என்ற பொதுக் காப்பீட்டு நிறுவனம் அங்கே தொடங்கியது. நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனம் 1906-இல் அங்கே பிறந்தது. அது இன்று அரசு நிறுவனம். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் என்பதும் அரசு நிறுவனம். அதன் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

ஒரே நகரம், பலவித வீடுகள்

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆற்றங்கரை ஓரம் மேடு. கிழக்கே போகப் போகப் பள்ளம். மழைநீர் தானாக வடியாது. கால்வாய் வழியாகவும் பம்பு வைத்தும் வெளியேற்றுகிறார்கள். ஆற்றில் ஓதம் ஏறும்போது மதகுகளை மூடிவிடுவார்கள். அந்த நேரம் மழை பெய்தால் தண்ணீர் தெருவிலேயே நிற்கும்.

2025 செப்டம்பர் 22 இரவு பெருமழை கொட்டியது. விடிவதற்குள் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பெய்துவிட்டது. அது ஒரு சாணுக்கும் சற்று அதிகம். தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தெருவில் நின்ற தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள்.

அதற்கு முன் 2020 மே 20 அன்று அம்பான் புயல் வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காலேஜ் தெருவில் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன.

மழை மட்டும் ஆபத்து அல்ல. பார்க் தெருவில் ஸ்டீபன் கோர்ட் என்ற பழைய கட்டிடம் இருக்கிறது. அதில் கடைகள், அலுவலகங்கள், வீடுகள் எல்லாம் இருந்தன. 2010 மார்ச் 23 அன்று அதில் தீப்பிடித்தது. 43 பேர் இறந்தார்கள்.

நகரம் ஒன்றுதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆபத்து இல்லை. நான்கு வகை வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வகை, வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடு. நூறு ஆண்டுக்கு மேல் ஆன கட்டிடங்கள் அங்கே உண்டு. ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருக்கும். மின்கம்பி பழையது. படிக்கட்டு குறுகியது. இங்கே தீ பெரிய ஆபத்து. சுவர் இடிவதும் ஆபத்து. மிக மோசமான கட்டிடங்களில் மாநகராட்சி ஒரு பலகை மாட்டும். 'ஆபத்தான வீடு' என்று வங்காள மொழியில் அதில் எழுதியிருக்கும். குடி போகும் முன் அப்படிப் பலகை உண்டா என்று பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாம் வகை, பஸ்தி. நம் ஊரில் குடிசைப் பகுதி என்போம். நிலம் ஒருவருடையது. அதில் குடிசை கட்டியவர் வேறொருவர். வாடகைக்கு இருப்பவர் மூன்றாமவர். இவருக்குச் சொந்தம் உள்ளே இருக்கும் பொருள் மட்டுமே. வீடுகள் நெருங்கி இருப்பதால் தீ வேகமாகப் பரவும்.

மூன்றாம் வகை, தெற்கே லேக் மார்க்கெட் போன்ற இடங்களில் உள்ள மாடி வீடு. இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எந்த மாடி என்பது. தரைத்தளம் என்றால் வெள்ளம் வரும். மேல்மாடி என்றால் தண்ணீர்த் தொட்டி வழிவதும் புயல் காற்றும் கவலை.

நான்காம் வகை, நியூ டவுன் பக்கம் உள்ள உயரமான அடுக்குமாடி வீடு. பத்தாம் மாடிக்கு வெள்ளம் வராது. ஆனால் தீ வந்தால் இறங்கும் தூரம் அதிகம். நில நடுக்கத்தையும் நினைக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த வீட்டுக்காரர் எடுத்த பாலிசியே நமக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. நம் வீட்டுக்கு எது ஆபத்து என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவுக்குக் காப்பீடு?

வீட்டில் உள்ள பொருளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு குடும்பத்தின் பட்டியல் இப்படி இருக்கலாம்.

கட்டில், மெத்தை – 12,000 ரூபாய்
பீரோ – 10,000 ரூபாய்
பிரிட்ஜ் – 18,000 ரூபாய்
டி.வி. – 15,000 ரூபாய்
மிக்சி, மின்விசிறி, அடுப்பு – 10,000 ரூபாய்
பாத்திரம் – 10,000 ரூபாய்
துணிமணி – 20,000 ரூபாய்
புத்தகம், மற்றவை – 5,000 ரூபாய்
மொத்தம் – 1,00,000 ரூபாய்

நம்மிடம் பெரிதாக என்ன இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி பிரீமியம் கணக்கு. ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 2 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குப் பழகச் சொன்ன தொகை. உண்மைத் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எந்தெந்த ஆபத்தைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரு லட்சத்தில் நூறு ஆயிரம் உண்டு. நூறை இரண்டால் பெருக்கினால் 200 ரூபாய். அதன்மேல் வரி தனி. குறைந்தது இரண்டு நிறுவனங்களில் விலை கேட்டு ஒப்பிட வேண்டும்.

பிரீமியம் குறைய வேண்டும் என்று பொருளின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 50,000 ரூபாய் என்று எழுதினால் பாதிக்குத்தான் காப்பீடு. சில பாலிசிகளில் சிறு நட்டத்துக்கும் பாதிதான் தருவார்கள். 40,000 ரூபாய் நட்டம் என்றால் 20,000 ரூபாய் வரும். இப்படிக் குறைப்பார்களா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எது சேரும்? எது சேராது?

2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி வந்தது. இதைக் கொண்டுவந்தது காப்பீட்டுத் துறையை மேற்பார்வை செய்யும் ஆணையம். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இந்தப் பாலிசியின் அடிப்படை விதிகள் ஒன்றே. கட்டிடத்தைச் சேர்க்காமல் பொருளுக்கு மட்டும் இதை எடுக்கலாம். அதனால் வாடகைக்கு இருப்பவருக்கும் இது பொருந்தும். மேலே சொன்னபடி நட்டத்தைக் குறைத்துக் கணக்கிடும் வழக்கம் இதில் இல்லை. ஆனால் எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது.

தீ, இடி, வெடிவிபத்து இதில் சேரும். புயல், வெள்ளம், நில நடுக்கம் சேரும். கலவரத்தில் வரும் சேதமும், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வரும் சேதமும் சேரும்.

சேராதவையும் உண்டு. ரொக்கப் பணம் சேராது. பத்திரம் சேராது. வண்டி சேராது, அதற்குத் தனிக் காப்பீடு உண்டு. ஒரு டி.வி. தன்னுள்ளேயே மின்கசிவால் கெட்டுப்போனால் அந்த டி.வி.க்குப் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றப் பொருள் எரிந்தால் அந்தப் பொருளுக்குக் கிடைக்கும். பழைய கட்டிடம் தானாக இடிந்து விழுவதும் இதில் சொல்லப்பட்ட ஆபத்து அல்ல.

இங்கே பௌபஜாரில் நடந்ததைத் தெரிந்துகொள்வோம். அது கொல்கத்தாவின் நடுப்பகுதி. நகைப் பட்டறைகள் நிறைந்த இடம். 2019 ஆகஸ்டு 31 அன்று அங்கே பூமிக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தில் நிலத்தடி நீர் புகுந்தது. மண் இறங்கியது. துர்கா பிதூரி சந்திலும் பக்கத்துச் சந்துகளிலும் வீடுகள் வெடித்தன. சில வீடுகள் இடிந்தன. குடியிருந்தவர்கள் அவசரமாக வெளியேறினார்கள். அவர்களை ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மெட்ரோ நிறுவனம் 5 லட்சம் ரூபாய் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலம் இறங்குவதால் வரும் சேதம் பாரத் கிருஹ ரக்ஷாவில் சேரும். ஆனால் அதே பத்தியில் ஒரு விலக்கும் இருக்கிறது. கட்டுமான வேலையாலோ பூமியைத் தோண்டியதாலோ நிலம் இறங்கினால் சேராது. பௌபஜாரில் நிலம் இறங்கியது தோண்டியதால்தான். அப்படிப்பட்ட நட்டத்தைத் தோண்டியவரிடம்தான் கேட்க வேண்டும். 'நிலம் இறங்கினால் சேரும்' என்ற முதல் வரியோடு படிப்பதை நிறுத்தினால் ஏமாந்துபோவோம். பாலிசியில் 'சேராதவை' என்ற பகுதியை முழுவதும் படிக்க வேண்டும்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை

லேக் மார்க்கெட் பக்கம் தரைத்தள வீடு ஒன்று. அந்த வீட்டு அம்மா ஏஜெண்டிடம் பேசுகிறார். இந்த உரையாடலை இருவர் இருவராகப் படித்துப் பாருங்கள்.

"தம்பி, வெள்ளம் உள்ளே வந்தா பணம் கிடைக்குமா?"

"கிடைக்கும் அம்மா. வெள்ளம் இதில் சேர்ந்ததுதான்."

"குழாய் கசிஞ்சு சுவரெல்லாம் ஓதம் அடிக்குது. துணி கெட்டுப்போனா?"

"குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டினால் கிடைக்கும். நாள்தோறும் கசிந்தால் கிடைக்காது. அதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரி செய்யுங்கள்."

"திருடன் வந்தா?"

"தீயோ வெள்ளமோ வந்து, அதைச் சாக்காக வைத்து ஏழு நாளுக்குள் திருடினால் இதில் சேரும். மற்றத் திருட்டுக்குத் தனியாக எடுக்க வேண்டும்."

"நகை கொஞ்சம் இருக்கு."

"அதைத் தனியாக எழுதித் தர வேண்டும் அம்மா. மதிப்பும் சொல்ல வேண்டும்."

"நான் அக்கம்பக்கத்துக்குத் துணி தைச்சுக் குடுக்கிறேன். அந்த மெஷின்?"

"கூலிக்குத் தைப்பதை மறைக்காமல் எழுதுங்கள். தொழில் பொருளுக்கு வேறு பாலிசி உண்டு. எது சரி என்று கேட்டு எழுத்தில் வாங்கித் தருகிறேன்."

"நீங்க சொன்னதெல்லாம் இந்தத் தாளிலே எங்கே போட்டிருக்கு? காட்டுங்க தம்பி."

ஏஜெண்டு பக்கத்தைப் புரட்டுகிறார். அம்மா விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வாயால் சொன்னது நிற்காது. தாளில் இருப்பதுதான் நிற்கும்.

உண்மையைச் சொல்லுங்கள்

விண்ணப்பத்தில் பொய் எழுதக் கூடாது. சுவர் செங்கல்லா, மூங்கிலா? கூரை காங்கிரீட்டா, தகரமா, தார்ப்பாயா? உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மூங்கில், தார்ப்பாய் வீட்டைக் கச்சா வீடு என்பார்கள். அதை நிறுவனம் ஏற்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். மறைத்து எடுத்தால், நட்டம் வரும் நாளில் பணம் தர மறுப்பார்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. பணம் கட்டினால் ரசீது வாங்க வேண்டும். பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே காப்பீடு தொடங்கும்.

வாடகைக்கு இருப்பவர் அடிக்கடி வீடு மாறுவார். பாலிசியோ ஒரு முகவரிக்குத்தான். வீடு மாறினால் உடனே நிறுவனத்துக்கு எழுதி முகவரியை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாலிசி பழைய வீட்டிலேயே நின்றுவிடும்.

காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். பொருள் வாங்கிய பில், வாடகை ரசீது, ஒப்பந்தம், பாலிசி எல்லாவற்றையும் நகல் எடுங்கள். ஒரு நகலை உறவினர் வீட்டில் வையுங்கள். வீடு எரிந்தால் வீட்டிலுள்ள பாலிசியும் எரியும். செல்போனில் படம் பிடித்தும் வைக்கலாம்.

நட்டம் வந்தால்

முதலில் உயிர். வெள்ளம் புகும்போது பாதுகாப்பாக முடிந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்று சுவிட்சைத் தொடக் கூடாது. பொருளை எடுக்க மீண்டும் உள்ளே ஓடக் கூடாது.

பிறகு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். திருட்டு என்றால் போலீசில் புகார் கொடுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். நனைந்த பொருளையும் எரிந்த பொருளையும் உடனே வீசிவிடாதீர்கள். படம் எடுங்கள். நிறுவனம் சர்வேயர் என்ற மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் பார்த்துக் குறித்துக்கொள்வார். பாரத் கிருஹ ரக்ஷாவில் 30 நாளுக்குள் இழப்பீட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கொல்கத்தாவிலும் சென்னையிலும் அவருடைய அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை. ஒரு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். 155255 என்ற எண்ணில் ஆணையத்திடம் தொலைபேசியிலும் முறையிடலாம்.

எழுதிப் பழகுவோம்

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம். கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

ஐயா,
என் பாலிசி எண் ........ . நான் ........ என்ற முகவரியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ........ தேதி இரவு வெள்ளம் புகுந்தது. கீழ்க்கண்ட பொருள்கள் சேதமாயின: ........ . மதிப்பீட்டாளரை அனுப்பி, இழப்பீடு தர வேண்டுகிறேன்.
இப்படிக்கு, ........

கடிதத்துக்கு ஒரு நகல் வையுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. வீட்டுக்காரர் எடுத்த காப்பீடு நம் பொருளுக்கு ஏன் உதவாது?
2. நீங்கள் இருக்கும் வீட்டுக்கு எந்த ஆபத்து அதிகம்? தீயா, தண்ணீரா, திருட்டா?
3. பௌபஜாரில் நடந்ததிலிருந்து பாலிசியைப் படிப்பது பற்றி என்ன தெரிந்துகொண்டோம்?
4. உங்கள் வீட்டுப் பொருளுக்குப் பட்டியல் எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு? ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்றால் பிரீமியம் எவ்வளவு?